வீட்ல அடி உதை, வெளிய வந்தா வீடு போயிடுமா? தங்குற இடம், வீட்டு உரிமை பத்தி முழுமையான வழிகாட்டி

என் சித்தி பொண்ணு ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டு பிள்ளைங்களையும் இழுத்துட்டு, கால்ல செருப்பு கூட இல்லாம எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா. கழுத்துல விரல் தடம் அப்படியே சிவந்து இருந்துச்சு. அதுக்கு முன்னாடி மூணு வருஷம் அவ அந்த வீட்டை விட்டு நகராததுக்கு ஒரே காரணம், "வாசப்படி தாண்டிட்டா இந்த வீட்ல உனக்கு ஒண்ணும் கிடையாது"ன்னு புருஷனும் மாமியாரும் சொல்லிச் சொல்லி வெச்சது, எங்க சொந்தத்துல பெரியவங்களும் அதை ஆமான்னு தலையாட்டினது. அது சட்டப்படி சுத்தப் பொய்னு எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அவ கூட ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலைஞ்சதுல கத்துக்கிட்டது எல்லாத்தையும் இங்க எழுதுறேன், இன்னொரு பொண்ணு மூணு வருஷம் அடி வாங்கிட்டு உக்காரக் கூடாதுங்குறதுக்காக.

இது தமிழ்நாட்டுல இருக்குறவங்களை மனசுல வெச்சு எழுதுறது. சட்டம் இந்தியா முழுக்க ஒண்ணுதான், ஆபீஸும் நடைமுறையும் நம்ம ஊர்ப்படி.

இந்த நிமிஷம் அடி விழுந்துட்டு இருக்குன்னா இதைப் படிக்காதீங்க, 112க்கு போன் பண்ணுங்க. 181 பெண்களுக்கான இலவச நம்பர், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, போலீஸ், ஆஸ்பத்திரி, தங்குற இடம் மூணுக்கும் அவங்க மூலமாவே வழி பண்ணலாம். குழந்தைக்கு ஆபத்துன்னா 1098. பக்கத்து வீட்டுக்காரங்களும் போன் பண்ணலாம், நல்லெண்ணத்தோட தகவல் சொன்னவங்க மேல கேஸ் எதுவும் வராதுன்னு குடும்ப வன்முறைச் சட்டத்துலயே பிரிவு 4ல எழுதி இருக்கு.

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது: அந்த வீடு உங்களுக்கும் வீடு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அமலுக்கு வந்தது 2006 அக்டோபர் 26. இதுல பிரிவு 17 என்ன சொல்லுதுன்னா, குடும்ப உறவுல இருக்குற எந்தப் பொண்ணுக்கும் அந்தக் குடும்பமா சேர்ந்து வாழ்ந்த வீட்ல இருக்க உரிமை உண்டு, பட்டா, பத்திரம், வாடகை அக்ரிமெண்ட் எதுலயும் அவ பேரு இல்லைன்னாலும் உண்டு. சட்டத்துல சொல்ற முறைப்படி தவிர வேற எப்படியும் அவளை வெளியேத்த முடியாது. கதவைப் பூட்டிட்டு போறது, பெட்டியைத் தூக்கி தெருவுல வீசுறது, கரண்டைக் கட் பண்றது, இதெல்லாமே தனியா ஒரு வன்முறைதான், அடிச்சாதான் வன்முறைன்னு இல்ல.

"வீடு மாமனார் பேர்ல இருக்கு, அதனால உனக்கு உரிமை இல்ல"ன்னு இன்னிக்கும் சில வக்கீலுங்களே சொல்றாங்க. 2006 டிசம்பர்ல வந்த ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு அப்படித்தான் சொல்லுச்சு, அதனால பதினாலு வருஷம் எத்தனையோ பொண்ணுங்க தெருவுக்கு வந்தாங்க. 2020 அக்டோபர்ல சதீஷ் சந்தர் அகுஜா வழக்குல மூணு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பு தப்புன்னு சொல்லி மாத்திட்டாங்க. வீடு மாமனார் மாமியார் பேர்ல இருந்தாலும், அந்தப் பொண்ணு அங்க குடும்பமா நிலைச்சு வாழ்ந்திருந்தா அதுவும் பொது வீடுதான். ஆனா ஒண்ணு, இது எந்தக் காலத்துக்கும் அசைக்க முடியாத உரிமைன்னு கோர்ட் சொல்லல, வயசான மாமனார் மாமியாரோட நிம்மதியையும் சேர்த்துப் பாத்துதான் முடிவு எடுக்கணும்னு சொல்லிருக்கு. அதே வருஷம் டிசம்பர்ல வனிதா வழக்குல, மூத்த குடிமக்கள் சட்டத்தைக் குறுக்கு வழியா பயன்படுத்தி மருமகளோட இந்த உரிமையை இல்லாம ஆக்க முடியாதுன்னும் சொல்லிட்டாங்க. வக்கீல் பழைய தீர்ப்பைச் சொன்னா இந்த ரெண்டு பேரையும் சொல்லுங்க.

இன்னொண்ணு, இதைத்தான் என் சித்தி பொண்ணுகிட்ட யாராவது முன்னாடியே சொல்லிருக்கணும். உயிருக்குப் பயந்து வெளிய வந்ததால உரிமை போகாது. 2022 மே மாசம் பிரபா தியாகி வழக்குல சுப்ரீம் கோர்ட் ரொம்பத் தெளிவா சொன்னது, இப்போ அந்த வீட்ல இல்லைன்னாலும் கேக்கலாம், அடிக்குப் பயந்து வெளிய இருந்துகிட்டேயும் கேக்கலாம், புருஷன் செத்துட்ட அப்புறம் துரத்தப்பட்ட மருமகளும் கேக்கலாம். "ஒரு வருஷம் தாண்டிடுச்சு, இனி மனு போட முடியாது"ன்னு சொன்னா அதுவும் தப்பு, நம்ம தமிழ்நாட்டுல இருந்து போன காமாட்சி வழக்குலதான் 2022ல சுப்ரீம் கோர்ட் அந்த ஒரு வருஷக் கணக்கு இந்த மனுவுக்குப் பொருந்தாதுன்னு சொல்லுச்சு.

இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டும்னு நினைச்சுக்காதீங்க. மகன் அடிக்கிற அம்மா, அண்ணன் துரத்துற தங்கச்சி, தாலி கட்டாம புருஷன் பொண்டாட்டி மாதிரியே வாழ்ந்தவங்க, விதவை, எல்லாருக்கும் உண்டு. எதிர்த்தரப்பு ஆம்பளையாத்தான் இருக்கணும்னும் இல்ல, அந்த வரியை 2016லயே சுப்ரீம் கோர்ட் அடிச்சிடுச்சு.

இருக்குறதா, கிளம்புறதா

இதை வெளியாள் யாரும் உங்களுக்காக முடிவு பண்ண முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனா சில அடையாளம் இருந்தா அன்னிக்கே கிளம்புறதுதான் சரின்னு எனக்குத் தோணுது. கழுத்தை நெரிச்சிருந்தா அதைச் சாதாரண அடியோட சேர்க்காதீங்க, ஒரு தடவை நெரிச்சவன் பின்னால கொலை வரைக்கும் போற அபாயம் ரொம்ப அதிகம், வெளிய காயம் தெரியலன்னாலும் டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். மண்ணெண்ணெய், அரிவாள், "உன்னையும் கொன்னுட்டு நானும் சாவேன்"ங்குற பேச்சு, கர்ப்பமா இருக்கும்போது அடிக்கிறது, குழந்தை மேல கை வைக்கிறது, இதெல்லாமே அந்த வரிசைதான்.

அப்புறம், "நான் போறேன்"னு சொல்லிட்டுப் போகாதீங்க. கிளம்பப் போறான்னு தெரிஞ்ச அந்த நேரம்தான் ரொம்ப ஆபத்தான நேரம். நியாயமா பேசி முடிச்சுட்டுப் போகணும்னு மனசு சொல்லும், பேச்சை அப்புறம் கோர்ட்ல பேசிக்கலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி

நாலு நாள் டைம் கிடைச்சா கூட பெரிய விஷயம். பேப்பர்ல முதல் வேலை: உங்க ஆதார், பிள்ளைங்க ஆதார், பிறப்புச் சான்று, ஸ்மார்ட் கார்டு, பேங்க் பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை இல்லன்னா பதிவு சான்று, கல்யாண போட்டோ, உங்க படிப்பு சர்டிபிகேட், வீட்டு வரி ரசீது, ஈபி பில், வாடகை அக்ரிமெண்ட். ஒரிஜினல் எடுக்க முடியலன்னா போட்டோ எடுத்து நம்பிக்கையானவங்களுக்கு அனுப்பிட்டு உங்க போன்ல இருந்து அழிச்சிடுங்க. ஈபி பில்லும் கேஸ் புக்கும் எதுக்குன்னா, நீங்க அந்த வீட்லதான் வாழ்ந்தீங்கன்னு நாளைக்கு நிரூபிக்கணும். அந்த அட்ரஸ் போட்டு உங்க பேருக்கு வந்த கூரியர் கவர் கூட உதவும். நகை, சீர் பாத்திரம், பீரோ, கட்டில் எல்லாத்தையும் இருக்குற இடத்துல வெச்சே போட்டோ எடுங்க, நகைக்கடை பில்லு இருந்தா பொறந்த வீட்டுல தேடச் சொல்லுங்க.

எதுவுமே எடுக்க முடியலன்னா கவலைப்படாதீங்க, எல்லாத்துக்கும் டூப்ளிகேட் வாங்கலாம். பேப்பருக்காகத் திரும்பி உள்ள போகாதீங்க. என் சித்தி பொண்ணு ஆதார் கார்டு எடுக்கத்தான் திரும்பிப் போனா, அன்னிக்குத்தான் கழுத்துல கை விழுந்துச்சு.

போன் விஷயத்துல ரொம்பப் பேரு மாட்டிக்கிறாங்க. கூகுள் அக்கவுண்ட் பாஸ்வேர்டு அவருக்குத் தெரிஞ்சா நீங்க எங்க இருக்கீங்கன்னு மேப்ல பாத்துடலாம், வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ் போய் தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் சேர்ந்திருக்கான்னு பாருங்க, பேங்க் ஓடிபி யார் நம்பருக்குப் போகுதுன்னு பாருங்க. ஆனா வீட்ல இருக்கும்போதே எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா சந்தேகம் வந்துடும், அதனால முக்கியமான பேச்சு எல்லாம் வேற ஒருத்தர் போன்ல வெச்சுக்கிட்டு, வெளிய வந்த அன்னிக்கு மாத்துங்க. சம்பளம் வாங்குறீங்கன்னா உங்க பேர்ல மட்டும் ஒரு அக்கவுண்ட், வேற பேங்க்ல.

அன்னிக்கு ராத்திரி எங்க போறது

பொறந்த வீடுதான் எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வரும். அங்க போறதுல ரெண்டு சிக்கல், அவன் தேடி வர்ற முதல் இடமும் அதுதான், "நாலு நாள்ல சரியாயிடும், போய் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னு திருப்பி அனுப்புற இடமும் பல வீட்ல அதுதான். அப்பா அம்மா உறுதியா நிப்பாங்கன்னா போங்க, இல்லன்னா அரசாங்கம் வெச்சிருக்குற இடத்துக்குப் போறதுல எந்தக் கேவலமும் இல்ல.

மாவட்டத்துக்கு மாவட்டம் ஒன் ஸ்டாப் சென்டர் இருக்கு, சகின்னும் சொல்வாங்க, ஒருங்கிணைந்த சேவை மையம்னு போர்டு இருக்கும். 2015ல ஆரம்பிச்ச திட்டம். பல ஊர்ல அரசு ஆஸ்பத்திரி வளாகத்துலயோ பக்கத்துலயோ இருக்கும், 181ல கேட்டா வழி சொல்வாங்க. இங்க அஞ்சு நாள் வரைக்கும் தங்கலாம், காசு இல்ல, டாக்டர், போலீஸ், வக்கீல், கவுன்சிலர் எல்லாருக்கும் அங்கிருந்தே வழி பண்ணுவாங்க. அஞ்சு நாள் போதுமான்னா போதாது. அதனால போன மறுநாளே "அடுத்து எனக்கு எங்க இடம்"னு கேக்க ஆரம்பிச்சிடுங்க, அஞ்சாவது நாள் காலைல கேட்டா கையைப் பிசைவாங்க.

நீண்ட நாள் தங்க சக்தி சதன் இல்லங்கள் இருக்கு, முன்னாடி ஸ்வாதார் கிரேன்னு பேரு, 2022ல மிஷன் சக்தி திட்டத்துல பேரு மாறிச்சு, பழைய பேரைச் சொன்னாலும் புரியும். தமிழ்நாடு சமூக நலத்துறை நடத்துற அரசு சேவை இல்லங்கள் தனி, தாம்பரம் சேனடோரியத்துல இருக்குறது பழைய இல்லம், அங்க பாதியில விட்ட படிப்பைத் தொடரவும் வழி உண்டு. சென்னையில பி.சி.வி.சி. மாதிரி தொண்டு நிறுவனங்களும் குடும்ப வன்முறைல இருந்து வந்தவங்களுக்குன்னே இல்லம் நடத்துறாங்க. வேலைக்குப் போறீங்கன்னா அரசோட தோழி விடுதி பல ஊர்ல வந்துடுச்சு.

பையனுக்கு பத்து பன்னெண்டு வயசுக்கு மேல இருந்தா கவனிங்க. பெண்கள் இல்லத்துல பொம்பளப் பிள்ளைக்கு எந்த வயசும் பரவாயில்ல, பையனுக்கு வயசு வரம்பு வெச்சிருப்பாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே போன்ல கேட்டுடுங்க, ஏன்னா நடு ராத்திரியில வாசல்ல நின்னுக்கிட்டு மகனை மட்டும் வேற இடத்துக்கு அனுப்புன்னு சொன்னா எந்தத் தாயும் திரும்பி அடிக்கிறவன் வீட்டுக்கேதான் போவா. பையனை நம்பிக்கையான சொந்தத்துல விடலாம், இல்லன்னா குழந்தைகள் நலக் குழு மூலமா இடம் பாக்கலாம்.

இல்லத்துல சேர "முதல்ல ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் குடுத்துட்டு வா"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. குடும்ப வன்முறைச் சட்டம் பிரிவு 6படி நீங்களோ, உங்களுக்காக பாதுகாப்பு அலுவலரோ (இந்தச் சட்டத்துக்குன்னே மாவட்டத்துல இருக்குற அதிகாரி, கீழ சொல்றேன்) கேட்டா இல்லப் பொறுப்பாளர் இடம் குடுத்தே ஆகணும், நடந்த வன்முறையைப் பத்தின சம்பவ அறிக்கை இன்னும் போடலங்குற காரணத்தால மறுக்கக் கூடாதுன்னு விதி 16லயும் இருக்கு. நீங்க அங்க இருக்குறதை வெளிய சொல்லாதீங்கன்னு கேட்டா சொல்லக் கூடாதுங்குறதும் அதே விதிலதான்.

காயம் ஆறுறதுக்குள்ள பேப்பர்

ஆஸ்பத்திரிக்கு அரசு ஆஸ்பத்திரியே போங்க, டாக்டர்கிட்ட "கீழ விழுந்துட்டேன்"னு சொல்லாதீங்க. யாரு, எதால, எப்போ அடிச்சாங்கன்னு சொன்னா ஏ.ஆர். ரிஜிஸ்டர்ல, அதாவது விபத்துப் பதிவேட்டுல, அப்படியே எழுதுவாங்க. அந்த ஏ.ஆர். காப்பிதான் பின்னால கோர்ட்ல உங்களுக்காகப் பேசும். கூட வந்த மாமியார் பக்கத்துல நிக்கிறாங்கன்னா "எனக்குத் தனியா பேசணும்"னு நர்ஸ்கிட்ட சொல்லுங்க.

ஸ்டேஷன்ல மனு குடுத்தா சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வாங்கிக்கிட்டதுக்கான ரசீது, வாங்காம வராதீங்க. எந்த ஏரியால நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் எஃப்ஐஆர் போடலாம். நாங்க போன ஸ்டேஷன்ல மூணு தடவை ரெண்டு பேரையும் உக்கார வெச்சு பஞ்சாயத்து பேசி, "இனி அடிக்க மாட்டேன்"னு அவன்கிட்ட எழுதி வாங்கிட்டு அவளையும் அவன் கூடவே அனுப்பி வெச்சாங்க, எழுதிக் குடுத்த மூணாவது நாளே அடி. சமாதானத்துக்கு நீங்க சம்மதிக்கலன்னா யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அப்படி எழுதி வாங்கினா அதுலயும் ஒரு காப்பி கேளுங்க, அடிச்சதை அவனே ஒத்துக்கிட்ட பேப்பர் அது.

ஒரு குழப்பத்தை இங்கயே தீர்த்துடணும். புருஷன் ஜெயிலுக்குப் போயிடுவானோ, பிள்ளைங்க எதிர்காலம் என்னாகுமோன்னு பயந்தே பாதிப் பேரு மனு குடுக்குறதில்ல. கொடுமைக்கான கிரிமினல் கேஸ் வேற, அது முன்னாடி ஐ.பி.சி.ங்குற பழைய தண்டனைச் சட்டத்துல பிரிவு 498ஏ, 2024 ஜூலை 1ல இருந்து பி.என்.எஸ்.ங்குற புது தண்டனைச் சட்டத்துல பிரிவு 85. குடும்ப வன்முறைச் சட்டத்துல போடுற மனு வேற. இதுல அவனை ஜெயில்ல போடச் சொல்லிக் கேக்கல, வீடு குடு, கிட்ட வராதே, செலவுக்குப் பணம் குடுன்னு கேக்குறோம். ஒண்ணு மட்டும் போடலாம், ரெண்டும் போடலாம், அது உங்க இஷ்டம்.

மனுவுக்கு ஸ்டேஷன் வழியா போக வேண்டிய அவசியமே இல்ல. மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க, கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட சமூக நல அலுவலகத்துல கேட்டா காட்டுவாங்க, பி.ஓ. மேடம்னு சொன்னா போதும். அவங்க நீங்க சொல்றதைக் கேட்டு குடும்ப சம்பவ அறிக்கை எழுதி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு அனுப்புவாங்க. அதை எழுதும்போது அவசரப்படாம, முதல் அடி, கடைசி அடி, ரொம்ப மோசமான அடி மூணையும் தேதி, இடத்தோட சொல்லுங்க, தேதி ஞாபகம் இல்லன்னா "தீபாவளிக்கு முந்தின நாள்", "பெரியவளுக்கு ஸ்கூல் திறந்த வாரம்"னு சொல்லுங்க. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி முழுசா படிச்சுப் பாருங்க, காப்பி இலவசம். இப்போ தங்குற அட்ரஸ் அவனுக்குத் தெரியக் கூடாதுன்னா எழுதறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், எழுதின அப்புறம் அழிக்க முடியாது.

வக்கீலுக்குக் காசு இல்லன்னா, பொண்ணுங்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் பிரிவு 12படி. கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், போன்ல 15100.

மனுல என்னென்ன கேக்கணும்

இங்கதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். மனு போடுறது பிரிவு 12ல. எங்க போடலாம்னா, நீங்க இப்போ தற்காலிகமா தங்கிருக்குற ஊர் கோர்ட்லயே போடலாம், அவன் ஊருக்கு அலைய வேண்டாம். முதல் வாய்தா சாதாரணமா மூணு நாளைக்குள்ள, தீர்ப்பு 60 நாளைக்குள்ளன்னு சட்டம் சொல்லுது. நிஜத்துல இழுக்கும், எங்களுக்கும் இழுத்துச்சு. அதனாலதான் முதல் நாளே பிரிவு 23ல இடைக்கால உத்தரவு கேட்டு தனி பிரமாண வாக்குமூலம் (அஃபிடவிட்) சேர்த்துப் போடணும், ஆபத்து தெளிவா தெரிஞ்சா அவன் வர்றதுக்கு முன்னாடியே கூட மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடலாம்.

வீட்டுக்கான பிரிவு 19. இதுல பல வகை இருக்கு, உங்க நிலைமைக்கு எது சரியோ அதைக் கேக்கணும். வீட்டை விட்டுத் துரத்தக் கூடாதுன்னு கேக்கலாம். அவனை வெளிய போகச் சொல்லிக் கேக்கலாம், ஆனா இந்த ஒரு உத்தரவை மாமியார், நாத்தனார் மாதிரி பெண்கள் மேல போட முடியாது. மாமியார் அதே வீட்ல இருந்தா, நீங்களும் பிள்ளைங்களும் இருக்குற போர்ஷனுக்குள்ள அவங்க யாரும் வரக் கூடாதுன்னு தடை கேக்கலாம், மாடி, கீழ்தளம்னு பிரிஞ்சு இருக்குற வீட்டுக்கு இது நல்லா வேலை செய்யும். வீட்டை விக்கவோ அடமானம் வைக்கவோ கூடாதுன்னு தடை கேளுங்க, அந்த உத்தரவு காப்பியோட சார் பதிவாளர் ஆபீஸ்ல ஒரு ஆட்சேபனை மனுவும் குடுத்துட்டு, அப்பப்போ வில்லங்கம் போட்டுப் பாத்துக்குங்க. அந்த வீட்டுக்குத் திரும்பவே மனசு இல்லன்னா, அதே தரத்துல வேற வீடு பாத்துக் குடு, இல்ல வாடகையைக் குடுன்னு கேக்கலாம். நகை, சீர், சர்டிபிகேட் எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கச் சொல்லியும் இதே பிரிவுல உத்தரவு வாங்கலாம்.

இப்போ முக்கியமானது. பிரிவு 19 மட்டும் கேட்டுட்டு விட்டுடாதீங்க, பிரிவு 18 பாதுகாப்பு உத்தரவையும் சேர்த்துக் கேளுங்க. ஏன்னா உத்தரவை மீறினா ஒரு வருஷம் வரை ஜெயில், 20,000 ரூபா வரை அபராதம்ங்குற பிரிவு 31, பாதுகாப்பு உத்தரவை மீறுறதைப் பத்திதான் பேசுது. வெறும் வீட்டு உத்தரவை மட்டும் கையில வெச்சிருந்தா அவன் மீறும்போது ஸ்டேஷன்ல இழுத்தடிக்க ஒரு சாக்கு கிடைச்சிடும். ரெண்டும் இருந்தா ஸ்டேஷன்லயே ஜாமீன்ல விட முடியாத குற்றமா உடனே கேஸ் எடுக்கலாம். அந்த ஏரியா ஸ்டேஷன் பாதுகாப்பு குடுக்கணும், உத்தரவை நிறைவேத்த உதவணும்னும் மாஜிஸ்ட்ரேட் எழுதலாம், அந்த வரி உத்தரவுல வரணும்னு வக்கீல்கிட்ட முதல்லயே சொல்லி வைங்க. பிரிவு 20ல மாசச் செலவு, பிரிவு 21ல குழந்தைங்களை உங்ககிட்ட வெச்சுக்கிறது, எல்லாம் ஒரே மனுல.

உத்தரவு எதிரா வந்தா 30 நாளைக்குள்ள செஷன்ஸ் கோர்ட்ல அப்பீல்.

வாடகை வீடு, லோன் வீடு, குவார்ட்டர்ஸ்

வாடகை வீட்டுக்கும் இந்த உரிமை பொருந்தும். அக்ரிமெண்ட் அவன் பேர்ல இருந்து, "காலி பண்றேன்"னு ஓனர்கிட்ட சொல்லி அட்வான்ஸை வாங்கிட்டுப் போயிடுறது வழக்கமான தந்திரம், அதனால ஓனருக்கு உடனே ஒரு லெட்டர், பதிவுத் தபால்ல, இந்த மாதிரி கேஸ் நடக்குது, நானும் பிள்ளைங்களும் இங்கதான் இருக்கோம்னு. வாடகையை அவனே கட்டணும்னு கோர்ட் சொல்லலாம். லோன் வீடுன்னா இ.எம்.ஐ.யை நிறுத்திப் பேங்க் ஜப்தி வரைக்கும் விடுவாங்க, மனுல அதையும் சேர்த்து எழுதுங்க. வேலையோட வந்த குவார்ட்டர்ஸ்ல இருக்கீங்கன்னா அவன் டிரான்ஸ்ஃபர் வாங்கினா வீடே போயிடும், அதனால அந்த வீட்டுக்காகச் சண்டை போடுறதை விட மாற்று வீட்டு வாடகை கேக்குறது புத்திசாலித்தனம்னு நான் நினைக்கிறேன்.

தனியா வீடு பிடிக்கும்போது

"வீட்டுக்காரர் எங்க?" இந்தக் கேள்வியை எங்க சித்தி பொண்ணுகிட்ட பதினாலு வீட்ல கேட்டாங்க. கடைசியில வீடு குடுத்தது ஒரு வயசான அம்மா, அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "ராத்திரி வந்து ரகளை பண்ணுவானாம்மா?" அதுக்கு இவ கோர்ட் பேப்பரைக் காட்டினா. எல்லார்கிட்டயும் கதை சொல்லணும்னு இல்ல, வேலை பாக்குற இடத்து லெட்டரோ சம்பள சிலிப்போ முன்னாடி வெச்சா பாதிப் பேச்சு குறையும். பத்து மாச அட்வான்ஸ் கேட்டா, 2019ல இருந்து அமல்ல இருக்குற தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூணு மாச வாடகைன்னுதான் சொல்லுது, ஆனா ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா அது செல்லும், அதனால கையெழுத்துக்கு முன்னாடியே பேசிக் குறைங்க. அக்ரிமெண்ட் உங்க பேர்ல எழுதிப் பதிவு பண்ணச் சொல்லுங்க, ஸ்கூல், பேங்க், ஆதார் அட்ரஸ் எல்லாத்துக்கும் அதுதான் அடித்தளம். இல்லத்துல தங்கியிருந்தா அங்கீகரிக்கப்பட்ட இல்லத்துப் பொறுப்பாளர் குடுக்குற சான்றை வெச்சும் ஆதார் அட்ரஸ் மாத்த முடியும், ஆனா அந்த அட்ரஸைப் போடணுமான்னு யோசிங்க, ஆதார் ஓடிபி அவன் நம்பருக்குப் போகுதுன்னா முதல்ல நம்பரை மாத்துங்க.

பிள்ளைங்க ஸ்கூல்: டி.சி. இல்லன்னு சேர்க்க மறுக்க முடியாது, எட்டாவது வரைக்கும் 2009 கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. அரசு ஸ்கூல்ல ஹெச்.எம்.கிட்ட நிலைமையைச் சொல்லி, பிள்ளையை யாரு கூட்டிட்டுப் போகலாம்னு ரெண்டு பேரோட பேரை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க.

உத்தரவு கையில வந்த அப்புறம்

காப்பி இலவசம், பிரிவு 24படி ஸ்டேஷனுக்கும் ஒண்ணு போகும். தானா போகும்னு காத்திருக்காதீங்க, நீங்களே ஒரு காப்பி கொண்டு போய்க் குடுத்து ரசீது வாங்குங்க. வீட்டுக்குத் திரும்புற நாள் தனியா போகாதீங்க, பி.ஓ.வையும் போலீஸையும் கூட வரச் சொல்லிக் கேளுங்க, பகல் நேரமா பாத்து. உள்ள போனதும் என்ன பொருள் இருக்கு, என்ன இல்லன்னு ரூம் ரூமா வீடியோ எடுத்துடுங்க. அவனை வெளியேத்தி உத்தரவு வந்திருந்தா அன்னிக்கே பூட்டை மாத்துங்க, பின் கதவையும் மொட்டை மாடிக் கதவையும் மறக்காம.

என் சித்தி பொண்ணு நாலு மாசம் கழிச்சு அந்த வீட்டுக்குத் திரும்பினா, மாடி போர்ஷன் அவளுக்கும் பிள்ளைங்களுக்கும்னு. உத்தரவு காப்பியை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு கதவுக்குப் பின்னால ஆணில தொங்க விட்டிருந்தா, பக்கத்துலயே ஸ்டேஷன் நம்பர். ரெண்டாவது வாரமே ராத்திரி பத்து மணிக்கு மேல வந்து கதவைத் தட்டினான். அவ கதவைத் திறக்கல, 112க்கு போன் பண்ணா, ரோந்து வண்டில வந்த போலீஸ்காரர் "புருஷன் பொண்டாட்டி சண்டைதானேம்மா"ன்னு ஆரம்பிச்சாரு. அவ ஜன்னல் வழியா அந்தக் கவரை நீட்டினா. அவர் டார்ச் அடிச்சு ரெண்டு பக்கமும் படிச்சாரு, படிச்சு முடிச்சதும் திரும்பி அவனைப் பாத்து "வண்டில ஏறு"ன்னாரு.